எந்த எடைக்கு எவ்வளவு மருந்து? – பருத்த உடலினரும் தசைத்தளர்த்தி மருந்தின் முறிவும்

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகத்திற்குச் செல்வோர், அங்குள்ள வராகப் பெருமாள் கோயிலையும் அதனைச் சார்ந்த பெரிய குளத்தையும் காணாமல் திரும்புவதில்லை. அத்தகைய குளம் ஒன்றின் நீரைத் தூய்மை செய்யக் கருதி, ஒருவர் அதில் மருந்திட வேண்டியிருக்கின்றது என்று கொள்வோம். எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை அவர் எவ்வாறு கணக்கிடுவார்? குளத்தில் உள்ள நீரின் அளவைக் கொண்டே கணக்கிடுவார். கரை பத்தடி அகலமாயினும் நாற்பதடி அகலமாயினும் அதனால் நீரின் அளவு மாறுவதில்லை. கரையின் மண்ணையும் கணக்கிற் சேர்த்து மருந்திட்டால் அளவு மிஞ்சிவிடும்.

எளிதாகத் தோன்றும் இவ்வுண்மை, அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் எழும் கடினமான வினா ஒன்றுக்கு விடை காண உதவுகின்றது. அறுவைச் சிகிச்சையின்பொருட்டு நோயாளியின் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஒன்று கொடுக்கப்படுகின்றது. சிகிச்சை முடிவுற்றதும் அதன் ஆற்றலை முறிக்கும் பிறிதொரு மருந்து கொடுக்கப்படுகின்றது. இவ்விரண்டின் அளவும், உடலெடையில் ஒரு கிலோகிராமுக்கு இத்துணை மில்லிகிராம் என்றே நூல்களில் குறிக்கப்பட்டுள்ளன. நோயாளி 55 கிலோகிராம் எடையுள்ளவராயின் ஐயத்திற்கு இடமில்லை. அவர் 110 கிலோகிராம் எடையுள்ளவராயின் எந்த எடையைக் கணக்கில் கொள்வது? தராசு காட்டும் எடையையா, அவருடைய உயரத்திற்கு உரிய எடையையா, அன்றி இரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்றையா? இவ்வினாவிற்குத் தவறான விடை கண்டால், நோயாளி உணர்வு திரும்பிய பின்னரும் மூச்சுவிட வலியற்றுத் துன்புற நேரிடும்.

இவ்வினா ஒரு சிலருக்கே உரியதுமன்று. ஒருவரது எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை உடற்பருமக் குறியீட்டெண் என்பர். 2019–21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இவ்வெண் 25 அல்லது அதற்கு மேற்பட்டதாக உள்ளவர்கள், கேரளத்தில் பெண்களுள் 38.1 சதவீதத்தினர், ஆண்களுள் 36.4 சதவீதத்தினர். தமிழ்நாட்டில் இது முறையே 40.4 சதவீதமும் 37.0 சதவீதமும் ஆகும். நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் 24.0, 22.9 சதவீதங்களே. ஆகவே பருத்த உடலினர்க்கு மயக்க மருந்து கொடுக்கும் கலை, தென்னாட்டு மருத்துவமனைகளுக்கு அன்றாடத் தேவையாகிவிட்டது.

நரம்பும் தசையும் கூடுமிடம்

நமது தசைகள் தாமாக இயங்குவதில்லை. மூளையின் ஆணை, நரம்பின் வழியே மின்துடிப்பாக வந்து நரம்பின் நுனியை அடைகின்றது. நரம்பு நுனிக்கும் தசைக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத சிறு இடைவெளி உண்டு. அதனை மின்துடிப்பு நேரே கடப்பதில்லை. நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் வெளிப்பட்டு, எதிரே தசையின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைச் சென்று பற்றுகின்றது. பூட்டில் திறவுகோல் பொருந்துவதுபோல் அது பொருந்தியவுடன் தசை சுருங்குகின்றது. மறுகணமே அங்குள்ள ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடுகின்றது. தசை மீண்டும் தளர்ந்து அடுத்த ஆணைக்குக் காத்திருக்கின்றது.

தசைத்தளர்த்தி மருந்துகளுள் பெரும்பாலானவை இந்தப் பூட்டினுள் நுழைந்து அமர்ந்துகொள்ளும் போலித் திறவுகோல்களே ஆகும். அவை பூட்டைத் திறப்பதுமில்லை. உண்மைத் திறவுகோலுக்கு இடம் விடுவதுமில்லை. இவற்றால் நோயாளி உணர்விழப்பதில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். உறக்கத்தையும் வலியின்மையையும் தருவன வேறு மருந்துகள். தளர்த்தி மருந்தின் பணி, வயிற்றுச் சுவர் முதலிய தசைகளை இளகச் செய்து அறுவை மருத்துவரின் கைக்கு வழிவிடுவதேயாகும். ஆயினும் வயிற்றுத் தசையோடு மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடுவதால், நோயாளியின் மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செலுத்திப் பொறியின் துணையால் சுவாசம் நடத்தப்படுகின்றது.

இங்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஏற்பிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது அடைபடும் வரையில் தசையின் வலிமையில் குறை எதுவும் வெளிப்படுவதில்லை. இயற்கை அத்துணைச் சேமிப்பை வைத்திருக்கின்றது. இதன் மறுபக்கம் யாதெனில், நோயாளி முற்றும் மீண்டுவிட்டார் என்று தோன்றும் வேளையிலும் அவருடைய ஏற்பிகளுள் பெரும்பகுதி இன்னும் மருந்தின் பிடியிலேயே இருக்கக்கூடும். அச்சேமிப்பு இல்லாத நிலையில் சிறு இடையூறும் பெருந்தீங்காக முடியலாம்.

அம்பு நஞ்சு மருந்தான வரலாறு

இம்மருந்துகளின் மூலம் தென் அமெரிக்கக் காடுகளில் உள்ளது. அங்குள்ள பழங்குடியினர் சிலவகைக் கொடிகளின் சாற்றைக் காய்ச்சி அம்பு முனையில் தடவி வேட்டையாடினர். அந்நஞ்சே குராரி என்பது. சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார், தவளைகளைக் கொண்டு செய்த சோதனைகளால், குராரி நரம்பையோ தசையையோ தனித்துக் கெடுப்பதன்று என்றும், இரண்டும் கூடுமிடத்திலேயே செயற்படுகின்றது என்றும் காட்டினார். 1942-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள், கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஹெரால்டு கிரிஃபித், எனிட் ஜான்ஸன் என்னும் இரு மருத்துவர்கள் குடல்வால் அறுவைச் சிகிச்சை ஒன்றில் தூய்மைப்படுத்திய குராரியை முதன்முதலாக மயக்க மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்தினர்.

குராரிக் கொடி, நம் நாட்டுச் சீந்திற்கொடி சார்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் மற்றொரு கொடியும் நமக்குப் பழக்கமானதே. வடமொழி மருத்துவ நூல்களில் பாடா என்றும் தமிழில் வட்டத்திருப்பி என்றும் வழங்கப்படுவது அது. அதன் வேரினின்று கிடைக்கும் ஹயாட்டின் என்னும் பொருளைக் கொண்டு செய்த உப்பு ஒன்று, குராரியைப் போன்றே தசைகளைத் தளர்த்துகின்றது என்பதைப் பிரதான், டே என்னும் இந்திய அறிஞர்கள் 1953-இல் வெளியிட்டனர். பின்னர் 1970-களில் சண்டீகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஹர்கிஷன் சிங் குழுவினர், ஸ்டீராய்டு அமைப்பை அடிப்படையாகக் கொண்ட சண்டோனியம் அயோடைடு என்னும் தளர்த்தி மருந்தை உருவாக்கினர். இன்று நம் மருத்துவமனைகளில் மிகுதியாகப் பயன்படும் வெக்குரோனியம், ரோக்குரோனியம் ஆகிய இரண்டும் ஸ்டீராய்டு இனத்தைச் சேர்ந்தனவே. அட்ராக்குரியம் என்பது வேறு இனத்தது.

புதிய மருந்து வரவேற்பைப் பெற்ற அதே வேகத்தில் எச்சரிக்கையும் எழுந்தது. அமெரிக்காவில் பீச்சர், டாட் என்பார், 1948 முதல் 1952 வரை பத்து மருத்துவ நிலையங்களில் மயக்க மருந்து பெற்ற ஏறத்தாழ ஆறு லட்சம் பேரின் விவரங்களை ஆராய்ந்து 1954-இல் வெளியிட்டனர். தளர்த்தி மருந்து பெறாதவர்களுள் 2,100 பேருக்கு ஒருவர் மயக்கத்தின் காரணமாக இறந்திருந்தார். பெற்றவர்களுள் 370 பேருக்கு ஒருவர் இறந்திருந்தார். இம்முடிவைப் பலர் மறுத்தனர். ஆயினும் இவ்வெண்கள் ஒரு பாடத்தைப் புகட்டின. தசையைத் தளர்த்துவது மட்டும் போதாது. தளர்ச்சி முற்றும் நீங்கியது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே நோயாளியைப் பொறியிலிருந்து விடுவித்தல் வேண்டும். திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்ற 1951-ஆம் ஆண்டு, இவ்வாய்வு நடந்துகொண்டிருந்த காலமேயாகும். எனவே இந்நகரின் மருத்துவக் கல்வி, மயக்கவியல் இப்பாடத்தைக் கற்றுக்கொண்ட காலத்தோடு உடன் வளர்ந்தது எனலாம்.

மீட்கும் வழிகள் இரண்டு

போலித் திறவுகோலை வெளியேற்ற இரண்டு வழிகள் உள்ளன. உண்மைத் திறவுகோல்களின் தொகையைப் பெருக்கிப் போட்டியில் அவை வெல்லுமாறு செய்வது ஒன்று. போலித் திறவுகோல்களையே பிடித்து அகற்றிவிடுவது மற்றொன்று.

முதல் வழி பழையது. பைசோஸ்டிக்மின் என்னும் பொருள் குராரியின் ஆற்றலை முறிக்கின்றது என்பதை வியன்னா நகரத்து யாக்கோப் பால் 1900-இல் கண்டார். அதன் வழிவந்த நியோஸ்டிக்மின் என்னும் மருந்து 1931-இல் இரசாயன முறையில் உருவாக்கப்பட்டது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இது செயலற்றதாக்குகின்றது. ஆகவே அசிட்டைல்கோலின் பெருகி, ஏற்பிகளுக்காகத் தளர்த்தி மருந்தோடு போட்டியிடுகின்றது. நல்ல பாம்பின் நஞ்சும் இதே ஏற்பிகளை அடைப்பதாகும். அதனாற்றான் நல்ல பாம்பு தீண்டி, இமை கவிழ்ந்து, மூச்சுத் தளரும் நோயாளிக்கு, நஞ்சுமுறி மருந்தோடு நியோஸ்டிக்மினையும் அட்ரோப்பினையும் கொடுக்கும் முறை நம் நாட்டில் வழங்கி வருகின்றது. அசிட்டைல்கோலின் பெருகுவதால் இதயத் துடிப்புக் குறையும், உமிழ்நீர் பெருகும். அவற்றைத் தடுக்கவே அட்ரோப்பின் அல்லது கிளைக்கோபைரோலேட் உடன் சேர்க்கப்படுகின்றது.

நியோஸ்டிக்மினுக்கு ஓர் எல்லை உண்டு. நொதி முழுவதும் செயலற்றதான பின்னர், மேலும் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் பயன் கூடுவதில்லை. ஆதலின் நோயாளியின் எடை எதுவாயினும் 5 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. மேலும், தளர்ச்சி ஆழமாக உள்ளபோது இம்மருந்தால் அதனை முறிக்க இயலாது. இயற்கையாகவே மீட்சி பெரும்பாலும் தொடங்கிய பின்னர்தான் இது துணைபுரியும். அப்பொழுதும் இதன் முழுப் பயன் வெளிப்படச் சுமார் பத்து நிமிடங்கள் ஆகும்.

இரண்டாம் வழி புதியது. ஸ்காட்லாந்தில் நியூஹவுஸ் என்னும் ஊரிலிருந்த ஆர்கனான் ஆய்வுக்கூடத்தில் ஆன்டன் பாம் என்பாரும் அவருடைய குழுவினரும் சுகாமடெக்ஸ் என்னும் மருந்தை வகுத்தனர். மாவுப்பொருளினின்று பெறப்படும் எட்டுச் சர்க்கரை அலகுகள் வளையமாக இணைந்து, நடுவே குழிவுடைய கிண்ணம்போல் அமைந்த மூலக்கூறு இது. ரோக்குரோனியத்தின் ஒரு மூலக்கூறு இக்கிண்ணத்தினுள் இறுகப் பொருந்திச் சிறைப்படுகின்றது. சிறைப்பட்டது மீண்டும் ஏற்பியை அணுகுவதில்லை. சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றது. ஐரோப்பாவில் 2008-ஆம் ஆண்டிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2015-ஆம் ஆண்டின் இறுதியிலும் இதற்கு அனுமதி கிடைத்தது. ரோக்குரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் இது முறிக்கும், அட்ராக்குரியத்தை முறிக்காது. ஆகவே அட்ராக்குரியம் பெற்ற நோயாளிக்கு நியோஸ்டிக்மினும் பொறுமையுமே துணையாகும்.

பருத்த உடலில் எழும் இடர்கள்

எஞ்சிய தளர்ச்சி யார்க்கும் தீங்கானதே. எனினும் பருத்த உடலினர்க்கு அது மிகுந்த தீங்கு விளைவிப்பதற்குக் காரணங்கள் உள.

முதலாவதாக, மல்லாந்து படுத்த நிலையில் வயிற்றின் கனம் உதரவிதானத்தை மேல் நோக்கித் தள்ளுகின்றது. மூச்சை வெளியே விட்டபின் நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்றின் அளவு குறைகின்றது. அக்காற்றே மூச்சு நின்ற வேளையில் உடலுக்குப் பிராணவாயுவின் சேமிப்பாக உதவுவது. சேமிப்போ சிறிது, பெரிய உடலின் செலவோ பெரிது. ஆகவே மூச்சுத் தடைப்பட்டால், மெலிந்தவரை நோக்கப் பருத்தவரின் குருதியில் பிராணவாயு விரைந்து குறைகின்றது.

இரண்டாவதாக, இவர்களுள் பலர்க்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உண்டு. தொண்டையைச் சூழ்ந்த கொழுப்பு மூச்சு வழியை நெருக்குகின்றது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் அவ்வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை இளகும்போது வழி அடைபடுகின்றது. தளர்த்தி மருந்து எஞ்சியிருப்பின் இவ்விளக்கம் மேலும் மிகுகின்றது.

மூன்றாவதாக, எல்லாத் தசைகளும் ஒரே வேளையில் மீள்வதில்லை. உதரவிதானம் முன்னரே மீண்டுவிடும். நாவையும் தொண்டையையும் இயக்கும் தசைகள் பின்னரே மீளும். மார்பு ஏறி இறங்குவதைக் கண்டு நோயாளி நன்கு மூச்சுவிடுகின்றார் என்று எண்ணிக் குழாயை அகற்றிவிட்டால், காற்று உட்செல்லும் வாயில் மூடிக்கொள்ளக்கூடும். விழுங்கும் ஆற்றல் குறைந்திருப்பின் உமிழ்நீரும் இரைப்பைநீரும் நுரையீரலுக்குள் இறங்கவும் கூடும்.

பருத்த உடலினர்க்கு நியோஸ்டிக்மின் மெதுவாகவே பயன் தருகின்றது என்பதும் ஆய்வினால் வெளிப்பட்டுள்ளது. 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், வெக்குரோனியம் பெற்ற பெண்களுக்கு மீட்சி தொடங்கிய ஒரே நிலையில் நியோஸ்டிக்மின் கொடுக்கப்பட்டது. போதிய மீட்சி பெற, இயல்பான எடையுள்ளவர்க்கு ஏறத்தாழ 7 நிமிடமும், பருத்த உடலினர்க்கு ஏறத்தாழ 26 நிமிடமும் ஆயின. இவ்வேறுபாட்டை அறியாத மருத்துவர், வழக்கம்போல் பத்து நிமிடம் காத்திருந்து குழாயை எடுத்தால் விளைவு யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்று எடைகள்

இனி நாம் தொடங்கிய வினாவிற்கு வருவோம். ஸ்ரீவராகத்தில் வாழும் ஓர் அம்மையார் பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை பெறவிருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உயரம் 160 சென்டிமீட்டர். எடை 110 கிலோகிராம். குறியீட்டெண் ஏறத்தாழ 43. இவருக்கு மூன்று எடைகள் உள.

தராசு காட்டும் 110 கிலோகிராம், மொத்த எடை எனப்படும். உயரத்திற்கு உரிய எடை இரண்டாவது. பெண்களுக்கு உயரத்தின் சென்டிமீட்டரில் 105-ஐக் கழிப்பது ஓர் எளிய கணக்கு. ஆண்களுக்கு 100-ஐக் கழிப்பர். அதன்படி இவருக்கு உரிய எடை 55 கிலோகிராம். மூன்றாவது, திருத்திய எடை. மிகையாக உள்ள 55 கிலோகிராமில் நூற்றுக்கு நாற்பது பங்கான 22 கிலோகிராமை உரிய எடையோடு கூட்டினால் வரும் 77 கிலோகிராம் அதுவாகும்.

ரோக்குரோனியம் போன்ற மருந்துகள் மின்னேற்றம் உடையவை. நீரில் எளிதில் கரைபவை. கொழுப்பினுள் எளிதில் புகாதவை. ஆகவே உடலின் கொழுப்பு, குளத்தின் கரையை ஒத்தது. கிலோகிராமுக்கு 0.6 மில்லிகிராம் வீதம் உரிய எடைக்குக் கணக்கிட்டால் இவருக்கு 33 மில்லிகிராம் போதும். மொத்த எடைக்குக் கணக்கிட்டால் 66 மில்லிகிராம் ஆகும். நீர் இரு மடங்காகாமல் மருந்து மட்டும் இரு மடங்கானால் தளர்ச்சி நெடுநேரம் நீடிக்கும். ஆதலின் இவ்வின மருந்துகளை உரிய எடைக்கோ, கொழுப்பு நீக்கிய உடலெடைக்கோ ஏற்பவே கொடுத்தல் முறை. சக்ஸினைல்கோலின் ஒன்றே இதற்கு விலக்கு. அதனைச் சிதைக்கும் நொதி பருத்த உடலில் மிகுந்து இருப்பதால், அது மொத்த எடைக்கேற்பக் கொடுக்கப்படுகின்றது.

அங்ஙனமாயின் முறிமருந்தையும் உரிய எடைக்கே கணக்கிடலாகாதா என்று வினவலாம். குளத்தின் உவமை இங்குச் சற்றே திருத்தம் பெறுகின்றது. பெரிய கரையைத் தாங்கும் குளமும் சிறிது பெரிதாகவே இருக்கும். அதாவது, எடை கூடும்போது கொழுப்போடு குருதியும் தசையும் நீரும் ஓரளவு கூடுகின்றன. அவற்றில் பரவியுள்ள தளர்த்தி மருந்து முழுவதையும் முறிமருந்து எதிர்கொள்ள வேண்டும். இக்காரணம் பற்றியே இங்கிலாந்து, அயர்லாந்து மயக்கவியலார் சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி, தளர்த்தி மருந்துகளைக் கொழுப்பு நீக்கிய எடைக்கும், முறிமருந்துகளைத் திருத்திய எடைக்கும் கணக்கிடச் சொல்லுகின்றது. சுகாமடெக்ஸைத் தயாரிப்போரின் குறிப்போ மொத்த எடையையே கொள்ளச் சொல்லுகின்றது.

நியோஸ்டிக்மினைக் கிலோகிராமுக்கு 0.05 மில்லிகிராம் வீதம் கணக்கிட்டால், நம் அம்மையாருக்கு மொத்த எடைக்கு 5.5 மில்லிகிராம் வருகின்றது. இது 5 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துவிடுகின்றது. திருத்திய எடைக்கு 3.85 மில்லிகிராம் வருகின்றது.

சுகாமடெக்ஸ், மீட்சி தொடங்கிய நிலையில் கிலோகிராமுக்கு 2 மில்லிகிராமும், ஆழ்ந்த தளர்ச்சியில் 4 மில்லிகிராமும் கொடுக்கப்படும். 2 மில்லிகிராம் வீதம் உரிய எடைக்கு 110, திருத்திய எடைக்கு 154, மொத்த எடைக்கு 220 மில்லிகிராம் ஆகும். இங்கு ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகின்றது. இம்மருந்து 200 மில்லிகிராம் கொண்ட புட்டிகளில் கிடைக்கின்றது; விலையோ நியோஸ்டிக்மினை நோக்கப் பன்மடங்கு மிகுதி. திருத்திய எடைக்கு ஒரு புட்டி போதும். மொத்த எடைக்கு இரண்டாவது புட்டியைத் திறக்க வேண்டும். செலவை அஞ்சிக் கணக்கை வளைத்துவிட மனம் நாடுவது இயல்பு. ஆனால் இயற்கை அவ்வாறு வளைந்துகொடுப்பதில்லை.

ஏனெனில் சுகாமடெக்ஸின் கணக்கு, ஒன்றுக்கு ஒன்று என்னும் மூலக்கூறுக் கணக்கு. இரண்டின் மூலக்கூறு எடைகளையும் ஒப்பிட்டால், 1 மில்லிகிராம் ரோக்குரோனியத்தைச் சிறைப்படுத்த ஏறத்தாழ 3.6 மில்லிகிராம் சுகாமடெக்ஸ் வேண்டும். அம்மையாருக்கு 33 மில்லிகிராம் கொடுத்து, அது முழுவதும் உடலில் எஞ்சியிருப்பதாகக் கொண்டாலும் 118 மில்லிகிராம் போதும். அறியாமல் 66 மில்லிகிராம் கொடுத்திருந்தால் 236 மில்லிகிராம் வேண்டியிருக்கும். தொடக்கத்தில் செய்த பிழை, இறுதியில் இரண்டாவது புட்டியின் வடிவில் வந்து நிற்பதைக் காண்க. முறிமருந்து குறைவாக இருந்தால், முதலில் குருதியிலுள்ள தளர்த்தி மருந்து சிறைப்பட்டு நோயாளி மீண்டவர்போல் தோன்றுவார். பின்னர்த் தசைகளில் தங்கியிருந்த மருந்து குருதிக்குத் திரும்ப, தளர்ச்சி மீண்டும் தலைகாட்டும். பருத்த உடலினர் ஒருவர்க்கு இவ்வாறு நேர்ந்த நிகழ்ச்சி 2011-இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியுள்ளது.

கட்டை விரலின் சாட்சி

இவ்வாறு கணக்கு எதுவாயினும் அது மதிப்பீடே, முடிந்த உண்மையன்று. இருவர் ஒரே எடையினராயினும் அவர்தம் சிறுநீரகமும் கல்லீரலும் தசையும் ஒன்றல்ல. ஆகவே மீட்சியை அளந்தே அறிதல் வேண்டும். இதற்கான முறையை 1970-ஐ ஒட்டி லிவர்ப்பூல் நகரில் அலி, அட்டிங், கிரே ஆகியோர் வகுத்தனர். மணிக்கட்டின் உட்புறத்து நரம்பை அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு முறை மின்துடிப்பால் தூண்டுவர். ஒவ்வொரு தூண்டலுக்கும் கட்டை விரல் துடிக்கும். தளர்ச்சி இல்லையேல் நான்கு துடிப்புகளும் சமமாக இருக்கும். தளர்ச்சி இருப்பின் துடிப்புகள் படிப்படியாக மெலியும். மிகுந்த தளர்ச்சியில் பின்னவை மறைந்தே போகும். நான்காம் துடிப்பின் வலிமையை முதல் துடிப்பின் வலிமையால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் 0.9 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் குழாயை அகற்றலாம் என்பது இன்றைய விதி.

இவ்விகிதத்தைக் கண்ணாலோ கைத் தொடுகையாலோ அறிய இயலாது என்பதே முக்கியம். விகிதம் 0.4-ஐக் கடந்துவிட்டால், பழகிய மருத்துவரின் விரலுக்கும் நான்கு துடிப்புகளும் ஒன்றுபோலவே தோன்றும். தலையை ஐந்து வினாடி உயர்த்திக் காட்டச் சொல்லும் பழைய சோதனையும், போதிய மீட்சி பெறாத பலராலும் செய்துகாட்டக் கூடியதே. 0.4-க்கும் 0.9-க்கும் இடைப்பட்ட இந்த மறைவான பகுதியிலேதான் தீங்கு ஒளிந்திருக்கின்றது. ஆகவேதான் அமெரிக்க மயக்கவியலார் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, எண்ணால் அளந்து காட்டும் கருவியைப் பயன்படுத்துமாறும், கண்ணைச் சூழ்ந்த தசையை விடுத்துக் கட்டை விரலையே நம்புமாறும் பரிந்துரைக்கின்றது. பருத்த உடலினரின் கையில் தோலுக்கும் நரம்பிற்கும் இடையே கொழுப்பு மிகுந்திருப்பதால், தூண்டலுக்குக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படலாம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அளக்கும் கருவி இருப்பின், நாம் மேலே கண்ட எடைப் பூசல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றது. திருத்திய எடைக்கு மருந்து கொடுத்து, விகிதம் 0.9-ஐ எட்டுகின்றதா என்று நோக்கலாம். எட்டவில்லையேல் மேலும் கொடுக்கலாம். நியோஸ்டிக்மினே கிடைக்கும் சிறிய மருத்துவமனையிலும், நான்கு துடிப்புகளும் திரும்பும்வரை பொறுத்து, பின்னர் மருந்து கொடுத்து, விகிதம் எட்டும்வரை பொறியை நீக்காமல் காத்திருந்தால் நோயாளிக்குத் தீங்கில்லை. அளக்கும் கருவியும் காத்திருக்கும் மனமும் இருப்பின், விலையுயர்ந்த மருந்து இல்லாத குறையையும் பெரும்பாலும் ஈடுசெய்யலாம்.

நோயாளியும் வீட்டாரும் செய்யக்கூடியன

கணக்கு மருத்துவருடையதாயினும், அதற்கு வேண்டிய விவரங்கள் நோயாளியிடமிருந்தே வரவேண்டும். எடையை நாணத்தினால் குறைத்துக் கூறாமல், அறுவைச் சிகிச்சைக்கு முன்னர்த் தராசில் நிறுத்துக் காட்டல் வேண்டும். உயரமும் அளக்கப்பட வேண்டும். உயரமின்றி உரிய எடையை அறிய இயலாது. உரத்த குறட்டை விடுபவர், உறக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவர் ஆகியோரைப் பற்றி உடன் உறங்குவோரே நன்கறிவர். அவர்கள் அதனை மயக்க மருத்துவரிடம் தாமாகவே சொல்லுதல் நலம். உறக்கத்தில் மூச்சுக்குத் துணைபுரியும் கருவியை வீட்டில் பயன்படுத்துவோர் அதனை மருத்துவமனைக்கும் கொண்டு செல்ல வேண்டும்.

சிறுநீரக நோய் உடையோரும், முன்னர் மயக்க மருந்தினால் ஒவ்வாமை கண்டோரும் அதனை மறைத்தலாகாது. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்குச் சுகாமடெக்ஸ் பரிந்துரைக்கப்படுவதில்லை. அரிதாகக் கடுமையான ஒவ்வாமையையும் இதயத் துடிப்புக் குறைவையும் அது விளைவிக்கக்கூடும். கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. சுகாமடெக்ஸ் கருத்தடை மாத்திரையின் இயக்குநீரையும் ஓரளவு பற்றிக்கொள்வதால், அம்மருந்து பெற்றபின் ஏழு நாட்களுக்கு வேறு தடுப்பு முறையையும் கையாளுமாறு கூறப்படுகின்றது.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மணி நேரமாகியும் நோயாளி வெளியே வரவில்லையென்று வீட்டார் கவலைகொள்வதுண்டு. மருத்துவர் தாமதிப்பதாகவும் சிலர் குறைகூறுவர். ஆனால் அவ்வேளையில் உள்ளே, தலைப்பக்கம் உயர்த்தப்பட்ட படுக்கையில் நம் அம்மையார் கிடக்க, அவருடைய கட்டை விரலின் நான்காம் துடிப்பு முதல் துடிப்பை எட்டுகின்றதா என்று ஒருவர் கருவியை நோக்கிக் காத்திருக்கக்கூடும். பருத்த உடலினர்க்கு அக்காத்திருப்பு மற்றவர்க்கு ஆவதினும் நீண்டதாகலாம் என்பதை இப்பொழுது அறிந்தோம். அது சிகிச்சைக்குப் பிற்பட்ட வீண் தாமதமன்று. சிகிச்சையின் இறுதிப் பகுதியே ஆகும்.